பன்னிரண்டு லட்சம் என்கிற சமாதானம்

2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையில் சொன்ன ஒரு விஷயம், அன்று பொழுது சாய்வதற்குள் மலையேறிவிட்டது. பன்னிரண்டு லட்சம் வரை வருமான வரி இல்லை. கொடைக்கானல் ஏரிச்சாலையிலும் சரி, வத்தலக்குண்டு பேருந்து நிலையத்திலும் சரி, அதற்கப்புறம் வரியைப் பற்றி யாரும் பேசி நான் கேட்கவில்லை. ஜூலை மாதத்தில் ஃபார்ம் 16-ஐ மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். வருகிறவர்களும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள்: "சார், இனிமே கழிவு கிழிவெல்லாம் கிடையாதுல்ல? சும்மா ஒரு ரிட்டர்ன் போட்டு விட்ருங்க."

மலைக்கும் அடிவாரத்துக்குமாக ரிட்டர்ன் போட்டுக்கொடுத்துக் காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் தீர்ப்பு தவறு. முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். சம்பளம் ஒன்றே வருமானம், அதுவும் ஆண்டுக்கு பன்னிரண்டே முக்கால் லட்சத்துக்குள் என்றால், அவர் சொல்வது சரி. நிலையான கழிவு 75,000 ரூபாய் தானாகவே போகும், மீதிக்குத் தள்ளுபடி கிடைக்கும், வரி பூஜ்யம். அவர் எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஆனால் பழனி மலையில் சம்பளம் மட்டுமே வருகிற வீடு எத்தனை? சம்பளத்தோடு கொஞ்சம் பூண்டு, கீழே ஒரு வாடகை வீடு, மாமியாருக்கு ஒரு குடும்ப ஓய்வூதியம், தாண்டிக்குடியில் நாலு ஏக்கர் காப்பி, வங்கியில் ஒரு டெபாசிட். இங்கே ஒரு குடும்பத்தின் வருமானம் ஒட்டுப்போட்ட கம்பளி மாதிரி. பன்னிரண்டு லட்சம் என்ற கோஷம் அதில் ஒரே ஒரு துண்டுக்குத்தான் பொருந்தும்.

குழப்பத்தின் வேர் 'கழிவு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஒரு தலைமுறைக்கே கழிவு என்றால் பிப்ரவரி மாதம் வந்து திண்ணையில் உட்காரும் எல்ஐசி ஏஜென்ட். எதையாவது வாங்கினால்தான் கழிவு; பாலிசி, பிபிஎஃப், தபால் நிலையப் பத்திரம். 2023-24 முதல் புதிய வரிமுறை தானாக அமலாகிற முறையானது. அது வெட்டியது பெரும்பாலும் இந்த 'வாங்குகிற' கழிவுகளைத்தான். ஒரு வருமானத்தைச் சம்பாதிக்க ஆன செலவை அது வெட்டவில்லை, வெட்டவும் முடியாது. செலவைக் கழிக்காத தொகைக்குப் பெயர் வருமானமே இல்லை, வரவு. ஏஜென்ட் வராமல் போனதைக் கண்டு கழிவே போய்விட்டது என்று நம்புகிறோம்.

பூண்டிலிருந்து தொடங்குகிறேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் அதுதான் சோறு. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அதன் வால். ஒருவருக்கு விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை வரம்பான நான்கு லட்சத்தைத் தாண்டினால், விவசாய வருமானத்துக்கு வரி போடாமலே, வரி விகிதத்தை நிர்ணயிக்க மட்டும் அதைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

ஓர் ஆசிரியை. பேர் வேண்டாம், இவரைப் போலப் பலர் உண்டு என்பதால் இரண்டு மூன்று பேரின் கணக்கை ஒருவராக்கிச் சொல்கிறேன். சம்பளம் பத்தே முக்கால் லட்சம். நிலையான கழிவு போகப் பத்து லட்சம். அப்பா எழுதிவைத்த பூண்டு நிலம் அவர் பேரில் இருக்கிறது. மண்டிச் சீட்டுகளைக் கூட்டினால் ஐந்து லட்சம். கணினி மையத்தில் யாரோ அந்த ஐந்தை அப்படியே விவசாய வருமானம் என்று தட்டிவிட்டார். இப்போது கணக்கைப் பாருங்கள். பதினைந்து லட்சத்துக்குப் புதிய முறையில் வரி 1,05,000. அதிலிருந்து விவசாயம் ஐந்தும் அடிப்படை வரம்பு நான்குமாக ஒன்பது லட்சத்துக்கான வரி 30,000-ஐக் கழித்தால் 75,000. தள்ளுபடியோ 60,000-க்கு மேல் கிடையாது. மிச்சம் 15,000, செஸ் சேர்த்து 15,600 கட்ட வேண்டும். வரிக்குரிய வருமானம் பத்தே லட்சம் உள்ளவருக்கு!

"பன்னெண்டு லட்சம் வரைக்கும் இல்லேன்னாங்களே சார்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? டீச்சர், சொன்னவர்கள் பூண்டு போடவில்லை என்றுதான்.

உண்மையில் அந்த ஐந்து லட்சம் வருமானமே இல்லை. விதைப்பூண்டு வாங்கிய காசு, உழவு, களையெடுப்பு, ஆட்கூலி, தோட்டத்திலிருந்து சாலை வரை சுமைக்கூலி, சாக்கு, வடுகபட்டிச் சந்தைக்கு வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் எல்லாம் போனால் கையில் நின்றது இரண்டு லட்சம். ரிட்டர்ன் படிவத்திலேயே இதற்கு இடம் உண்டு. விலக்கு வருமான அட்டவணையின் விவசாயப் பகுதியில் முதல் கட்டம் மொத்த வரவு, அடுத்தது சாகுபடிச் செலவு, அதற்கடுத்தது கடந்த எட்டு ஆண்டுகளில் ஈடுகட்டாமல் நிற்கும் விவசாய நஷ்டம். வாடல் விழுந்து மொத்தமும் போன வருஷத்தைக்கூடக் கழிக்கலாம் என்று அரசே கட்டம் போட்டு வைத்திருக்கிறது. அதை நிரப்பிய ரிட்டர்ன் என் கைக்கு வந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு லட்சம் என்று சரியாகக் காட்டினால் அந்த ஆசிரியையின் வரி 50,000 ஆகிறது, தள்ளுபடி அதை முழுசாக விழுங்கிவிடுகிறது, கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று சொல்லிச் சொல்லியே நாம் கணக்கு எழுதாமல் விட்டோம். உழக்கும் மிஞ்சவில்லை என்பதைக் காட்டத்தான் கணக்கு வேண்டும்.

அடுத்தது வாடகை. கொடைக்கானலில் வேலை பார்க்கிற அரசு ஊழியர்களில் பலருக்குச் சொந்த வீடு வத்தலக்குண்டிலோ பெரியகுளத்திலோ பழனியிலோ இருக்கும். மேலே குடியிருப்பில் இருந்துகொண்டு கீழே வீட்டை மாதம் 10,000-க்கு விட்டிருப்பார்கள். சம்பளம் கழிவு போகப் பதினொரு லட்சம், வாடகை 1,20,000. கூட்டினால் 12,20,000. வரம்பைத் தாண்டிய 20,000-க்காக, வரம்பைச் சற்றே தாண்டியவருக்குத் தரும் விளிம்புச் சலுகையெல்லாம் போக, செஸ்ஸோடு 20,800 ரூபாய் கட்ட வேண்டும். இருபதாயிரம் கூடுதலாக வந்ததற்கு இருபதாயிரத்து எண்ணூறு!

ஆனால் வாடகை வருமானத்தில் கட்டிய வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதத்தைப் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கழித்துக்கொள்ளலாம். பில் வேண்டாம், ரசீது வேண்டாம். புதிய முறையிலும் இது அப்படியே இருக்கிறது. வீட்டு வரி 4,000 என்று வைத்தால், 1,16,000-இல் எழுபது சதவீதம் 81,200. மொத்த வருமானம் 11,81,200. வரி பூஜ்யம். வெள்ளையடித்த பில்லைத் தேடித் தேடி வீட்டைப் புரட்டிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். தேடவே வேண்டாத முப்பது சதவீதத்தைக் கேட்டவர்கள் குறைவு. வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியும் புதிய முறையில் வாடகைக்கு எதிராகக் கழியும். நஷ்டமானால் மட்டும் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது.

இன்னொரு சமாதானம் உண்டு: வருமானம் பன்னிரண்டுக்குக் கீழே என்றால் ரிட்டர்னே வேண்டாம். கோஷத்தின் மிகக் கெட்ட குழந்தை இதுதான். பன்னிரண்டு லட்சம் என்பது 87ஏ பிரிவின் தள்ளுபடிக்கான வரம்பு. வரி விலக்கின் வரம்பு நான்கு லட்சம். நான்கைத் தாண்டினால் ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும். தள்ளுபடி அதற்குள்தான் கிடைக்கும்.

ஒருமுறை ஓர் அம்மா வந்தார். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், தவறிவிட்டார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆண்டுக்கு மூன்று லட்சம். கணவரின் பணிக்கொடையை டெபாசிட் போட்டதில் வட்டி 1,40,000. பாஸ்புத்தகத்தை விரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். டிடிஎஸ், 14,000. அது என்ன என்று அவருக்குப் புரியவில்லை. வங்கிக் கட்டணம் என்று நினைத்திருந்தார். மூத்த குடிமக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் வங்கி பத்து சதவீதம் பிடித்துவிடும். ஆரம்பத்திலேயே 15எச் படிவம் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். யாரும் சொல்லவில்லை. குடும்ப ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இரண்டில் எது குறைவோ அது கழிவு. 25,000 என்பது புதிய முறைக்கான அளவு. அது போக அவர் வருமானம் 4,15,000. வரி ஒன்றுமில்லை. பிடித்த 14,000 முழுசாகத் திரும்ப வரும், ரிட்டர்ன் போட்டால்.

"பக்கத்து வீட்டுத் தம்பி, பன்னெண்டு லட்சம் வரைக்கும் ஒண்ணும் போட வேணாம்னுச்சுப்பா" என்றார். அந்தத் தம்பியின் ஒரு வாக்கியத்துக்கு விலை 14,000. முந்தைய ஆண்டுகளில் இப்படி விட்டதையும், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் என்றால், காலதாமதத்தை மன்னிக்கக் கேட்டு விண்ணப்பித்து வாங்கலாம். வருகிறவர்களிடம் இதைச் சொல்வேன்; பாதிப்பேர் நம்புவதில்லை.

பழைய முறைக்கு வருகிறேன். 'பழசு யாருக்கும் லாபமில்லை' என்று ஆடிட்டர்களே சொல்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது உண்மை. ஆனால் யாருக்கு உண்மையில்லையோ, அவர்கள்தான் ஏற்கெனவே அதிகம் சுமக்கிறவர்கள். பதினைந்து லட்சம் சம்பளம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். சேமிப்பும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமுமாக 80சி-யில் ஒன்றரை லட்சம், வீட்டுக்கடன் வட்டி இரண்டு லட்சம், தனக்கு மருத்துவக் காப்பீடு 25,000. பெற்றோருக்கு வயது அறுபதைத் தாண்டியாயிற்று, காப்பீடு இல்லை. அவர்களை மதுரைக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்த்த செலவில் 50,000 வரை 80டி-யில் கழியும், பணமாகக் கொடுக்காமல் ஜிபே-யிலோ கார்டிலோ கொடுத்திருந்தால். இந்தக் கழிவைக் காப்பீடு இருந்தால்தான் என்று நினைத்து விட்டவர்கள் ஏராளம். வீட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறனுள்ள பிள்ளை. 80டிடி-யில் ஒன்றேகால் லட்சம், எவ்வளவு செலவானது என்று கேட்காமலே. மூத்தவளின் கல்விக்கடன் வட்டி 60,000. அதற்கு உச்சவரம்பே இல்லை, எட்டு ஆண்டுகள் வரை கழிக்கலாம். எல்லாம் போட்டால் பழைய முறையில் வரி 83,720. புதிய முறையில் 97,500. வித்தியாசம் 13,780.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிள்ளைக்கான சான்றிதழ் பல வீடுகளில் இருக்கும். பேருந்துச் சலுகைக்காகத் திண்டுக்கல்லுக்கு மூன்று மணி நேரம் இறங்கிப் போய் வாங்கி வைத்திருப்பார்கள். அதே தாள் வருமான வரிக்கும் பயன்படும் என்று அலுவலகத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வருஷ ஆரம்பத்தில் அலுவலகம் "எந்த முறை?" என்று கேட்கும். பதில் சொல்லாவிட்டால் புதியது. அதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சம்பளக்காரர், வியாபார வருமானம் இல்லாதவர் என்றால், ரிட்டர்ன் போடும்போது ஒவ்வோர் ஆண்டும் மாற்றிக்கொள்ளலாம். கெடு தேதிக்குள் போட வேண்டும், அவ்வளவே. தாமதமானால் பழைய முறையின் கதவு அடைபட்டுவிடும்.

பழைய முறை பற்றிப் பேசும்போது மலைக்கே உரிய ஒரு கழிவைச் சொல்லாமல் விட முடியாது. கடல்மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் வேலை பார்ப்பவருக்குத் தரப்படும் மலைப்படியில் மாதம் 300 ரூபாய் வரை வரி கிடையாது. விதி 2பிபி. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர், தாண்டிக்குடியும் ஆயிரத்துக்கு மேல்தான். ஆண்டுக்கு 3,600. இருபது சதவீத அடுக்கில் இருப்பவருக்கு மிச்சம் 749 ரூபாய். ஒரு ஸ்வெட்டர் வாங்கலாம், நல்லதாக இருக்காது. புதிய முறையில் அதுவும் இல்லை. இதற்காகப் பழைய முறைக்குப் போ என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய முறையில் இருக்கிறவரின் ஃபார்ம் 16-இலும் இது விட்டுப்போயிருக்கும்போது எரிச்சல் வருகிறது. மலையில் இருப்பவனுக்கு வரியே கிடையாது என்று இன்னும் சிலர் நம்புகிறார்களே, அதுவும் இங்கே செல்லாது. பழங்குடியினருக்கான அந்த விலக்கு வடகிழக்கு மாநிலங்களுக்கும் லடாக்குக்கும்தான். பழனி மலையில் பளியர் ஒருவர் அரசு வேலைக்குப் போனால் மற்றவர்களைப் போலத்தான் அவருக்கும் வரி.

"கழிவு கழிவு என்று கிளப்பிவிட்டுத்தானே ரெய்டு வந்தது?" என்று கேட்பவர்களும் உண்டு. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை போட்டது, போலிக் கழிவுகளுக்காக. கட்சிக்குக் கொடுக்காத நன்கொடை, வராத நோய், எடுக்காத கல்விக்கடன் என்று ரீஃபண்டில் கமிஷன் பேசி எழுதித் தந்த ஏஜென்டுகள் மாட்டினார்கள். சரியான வேலை. ஆனால் அந்தப் பயம் யாரைத் தாக்கியது? பொய் எழுதியவர் திருத்திய ரிட்டர்ன் போட்டுவிட்டு அடுத்த வழியைத் தேடுகிறார். உண்மையிலேயே மாற்றுத்திறனுள்ள பிள்ளையை வைத்திருப்பவர்தான் "எதுக்கு சார் வம்பு, விட்ருங்க" என்கிறார்.

நிலம் விற்கிறவர்களிடம் கோஷம் செய்திருக்கிற சேதம் இன்னும் பெரியது. இரண்டு பக்கமும் சேதம். சொத்து விற்ற நீண்டகால லாபத்துக்குப் புதிய முறையில் தள்ளுபடி கிடையாது. பன்னிரண்டு லட்சத்துக்குள் லாபம் வந்தால் வரியில்லை என்று நினைத்து நோட்டீஸ் வாங்கியவர்கள் ஒரு பக்கம். வரியே இல்லாத விற்பனைக்கு வரி கட்டியவர்கள் இன்னொரு பக்கம். கிராமப்புற விவசாய நிலம் சட்டப்படி மூலதனச் சொத்தே இல்லை. மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை உள்ள நகராட்சி என்றால், அதன் எல்லையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் விவசாய நிலத்தை விற்றால் வரி இல்லை. 2011 கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகை 36,501. ஆகவே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் நிலங்களுக்குக் கவலையில்லை, அங்கே உண்மையிலேயே வெள்ளாமை நடந்திருந்தால்.

தகராறு நகராட்சி எல்லையை ஒட்டிய ஊர்களில். 2013-இல் சட்டத்தைத் திருத்தி, தூரத்தைச் சாலையில் அளக்கக் கூடாது, வான்வழி நேர்கோட்டில் அளக்க வேண்டும் என்றார்கள். சமவெளியில் இது பெரிய வித்தியாசமில்லை. மலையில் ஒரு பள்ளத்தாக்கைச் சுற்றிப் பல கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் சாலை, நேர்கோட்டில் பார்த்தால் எதிரே கூப்பிடு தூரம். பேருந்துக்கு ஆறு கிலோமீட்டர் டிக்கெட் எடுக்கிறவன் சட்டத்தின் கண்ணில் நகரவாசி. அப்படி மாட்டினாலும் வழி இருக்கிறது. விற்பதற்கு முன் இரண்டு ஆண்டுகள் தானோ பெற்றோரோ பயிர் செய்த நிலமாக இருந்து, இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் 54பி பிரிவில் லாபத்துக்கு விலக்கு. இதுவும் புதிய முறையில் அப்படியே நிற்கிறது. (பிரிவு எண்களெல்லாம் 1961 சட்டத்தினுடையவை. 2026 ஏப்ரல் முதல் சம்பாதிப்பதற்குப் புதிய சட்டம், புதிய எண்கள். 2026 மார்ச் வரையான வருமானத்துக்கு இவையே.)

கடைசியாகக் காப்பி. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. சுற்றிலும் சில்வர் ஓக் நிழலில் சின்னச் சின்னத் தோட்டங்கள், மிளகுக் கொடியோடு. பழமாகவே விற்றுவிட்டால் முழுக்க விவசாய வருமானம். தானே விளைவித்ததைப் பதப்படுத்தி விற்றால் லாபத்தில் கால் பங்கு மட்டும் வரிக்குரியது. வறுத்து அரைத்து, சிக்கரி கலந்தாலும் கலக்காவிட்டாலும், பாக்கெட் போட்டு விற்றால் நாற்பது சதவீதம். மிச்ச அறுபது விவசாயம். விதி 7பி. பழைய முறை, புதிய முறை என்ற பேச்சே இதில் இல்லை.

இந்த வருஷம் ஒருவர் வந்தார். சுற்றுலாக்காரர்களுக்குக் காப்பித்தூள் விற்கிறார், லாபம் ஐந்து லட்சம். முந்தைய ரிட்டர்னில் ஐந்தும் வியாபாரம் என்றே போட்டிருந்தது. அவருக்கு வரி வரவில்லை, அதனால் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த வருஷம் மனைவி பேரில் இருக்கும் கடையைத் தன் பேருக்கு மாற்றுகிறாராம், மகன் கட்டும் காட்டேஜும் அவர் பேரில்தானாம். பன்னிரண்டு அப்போது எங்கே போகும் என்று அவருக்கே தெரியும். விதியைச் சொன்னேன். ஐந்தில் இரண்டு லட்சம்தான் வியாபாரமா என்று முகம் மலர்ந்தார்.

"ஆமாண்ணே. ஆனா தூள் முழுக்க உங்க தோட்டத்துக் கொட்டையா?"

சற்று நேரம் பேசவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பழைய பில்லின் பின்பக்கத்தில், பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாங்கிய மூட்டைகளை மாசம் மாசமாக எழுத ஆரம்பித்தார்.